ஒன்பதாவது கேள்வி

அடிக்கடி, சில சமயம், இல்லவே இல்லை. மூன்றில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டின் முதல் பட்டதாரி நான். மின் இணைப்பு விண்ணப்பத்திலிருந்து அவருடைய குடல் ஆபரேஷன் ஒப்புதல்வரை எல்லாப் படிவமும் என் தலையில்தான் விழும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து, மனநிலை பற்றிய கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அடுத்தவருக்குச் சுமையாகிவிட்டதாக நினைக்கிறீர்களா? அவமானமாக உணர்கிறீர்களா?

வயிற்றில் ஒட்டிய மலப்பையை ஒரு திரைகூட இல்லாமல் மாற்றிவிடுகிற வார்டில் கேட்கிறார்கள் இதை.

எல்லாவற்றுக்கும் அப்பா "இல்லவே இல்ல" என்றார்.

ஒன்பதாவது கேள்வி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?

அப்பா என் பேனாவைப் பார்த்தார்.

"ஆமான்னு போட்டா என்ன பண்ணுவாங்க?"

"தனியா விடமாட்டாங்கப்பா. பாத்ரூமுக்குக்கூட ஆள் வரும்."

"அப்ப இல்லன்னு போடு."

'அடிக்கடி'யில் டிக் அடித்தேன். அவர் கண்ணெதிரிலேயே. பேனா நகர்வதுதான் அவருக்குத் தெரியும், எந்தக் கட்டம் என்று தெரியாது. முப்பது வருடம் சுவர் எழுப்பி என்னைப் படிக்கவைத்த மனிதரை அந்தப் படிப்பை வைத்தே ஏமாற்றினேன். வெட்கப்படவில்லை.

படிவத்தை நீட்டிவிட்டு நழுவப் பார்த்தேன். நர்ஸ் விடவில்லை. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு முழுவதையும் படித்துக்காட்ட வேண்டுமாம். விதியாம். ஸ்டூலை இழுத்துப்போட்டு, வார்டுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

ஒன்று. இல்லவே இல்லை. அப்பா தலையாட்டினார்.

நான்கு. ஐந்து. பக்கத்துக் கட்டில்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார்.

எட்டு. காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்துவிடலாமா என்றிருந்தது.

ஒன்பதில் நர்ஸின் குரல் ஒரு நொடி தடுக்கியது. பிறகு, தணிந்து, "அடிக்கடி" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை.

"எம்பொண்ணு நான் சொன்னதத்தான் எழுதியிருக்கா."

மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். ரேகை விழவில்லை, வெறும் கறைதான் விழுந்தது. கொத்தனார் விரல். "சிமெண்டு தின்னுடுச்சு சிஸ்டர்" என்று சிரிக்கக்கூடச் செய்தார். மூன்றாம் முறையில் நர்ஸ் போதும் என்றுவிட்டார்.

கட்டிலைச் சோதிக்க வேண்டும், தன் மேசைக்கு எதிரே மாற்ற வேண்டும் என்று சொல்லி ஆள் கூப்பிடப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அப்பா வாயசைத்தார்.

"தலகாணி உறைக்குள்ள இருக்கறத நீயே எடுத்துடும்மா. அவங்க எடுத்தா அசிங்கம்."

கையை விட்டேன். கைக்குட்டையில் முடிந்த ஒரு பொட்டலம். பிரித்தேன்.

வலி மாத்திரைகள். தினமும் தண்ணீரோடு நான் நீட்டியவை. விழுங்கியாயிற்று என்று அவர் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தவை.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதைத் தாங்க முடியாமல், இன்னும் கூட்டிக் கொடுங்கள் என்று போன வாரம்தான் டாக்டரிடம் சண்டை போட்டிருந்தேன்.