ஒன்பதாவது கோடு

ஜீயபுரத்தில் எழும்பும் இரும்புக் கொட்டகையில், முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டையும் அடியிலுள்ள தகட்டையும் சேர்த்து ஒரே மஞ்சள் கோடு இழுப்பது இன்ஜினியர் கலைமதியின் வழக்கம். நட்டு தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். அவள் கோடு இதுவரை பொய் சொன்னதில்லை.

"மேடம், ஒன்பதாவது நட்டைக் காணோம். கூரை ஏத்தலாமா?" என்று மேலிருந்து கேட்டார் ஃபிட்டர் அன்வர்.

"அந்த ஜாயின்ட்டுக்கு எட்டுதான் பாய். நானே எண்ணிக் கோடு போட்டேன்."

ஏறிப் பார்த்தாள். எட்டு நட்டு, எட்டு முழுக்கோடு. பக்கத்தில், செங்குத்தாக நின்ற தகட்டில், துளையே இல்லாத வெறும் இடத்தில் அவளுடைய அரைக்கோடு ஒன்று.

துடைத்துவிடலாம் என்று சட்டைப்பைக்குள் கையை விட்டாள். துணியோடு ஒரு நட்டும் வந்தது, மீதிக் கோட்டோடு.

தகட்டில் வைத்துப் பார்த்தாள். கோடு பிசகாமல் சேர்ந்தது.

"ஏத்துங்க பாய்" என்று சொல்லி நட்டிலிருந்து கையை எடுத்தாள்.

நட்டு விழவில்லை.