சூடு காட்டினால் சுருங்கும்

“கண்ணாடியில காதுகிட்ட என்னம்மா கறுப்பா தடிமனா?” என்று அந்தப் பெண் கேட்டதுதான் தாமதம், மனைவியை முந்திக்கொண்டார் ஓய்வுபெற்ற இன்ஜினீயர்.

“ஹீட் ஷ்ரிங்க் டியூப்! ஒயர் மேல மாட்டிச் சூடு காட்டினா, சுருங்கிக் கப்புனு பிடிச்சுக்கும்.”

கத்தரிக்கோல் பிடி, குடைக் கம்பி, ஷூ லேஸ் நுனி என்று, தான் டியூப் மாட்டியதையெல்லாம் அடுக்கினார். அவர் வீட்டில் டியூப் ஏறாதது மனைவி மட்டும்தான்.

“இவ கண்ணாடி மூக்கை விட்டு வழுக்குதுன்னு ஒரே புலம்பல். டியூபை மாட்டி ஹேர் டிரையரைக் காட்டினேன். சிக்குனு நின்னுடுச்சு!”

“மறுபடி வழுக்குச்சே, அதையும் சொல்லுங்க,” என்றாள் மனைவி.

“அதுக்கென்ன? மேல இன்னொண்ணு போட்டேன். போன மாசம் மூணாவது. ஆறே மாசத்துல மூணு அடுக்கு! எந்தக் கடைக்காரன் செய்வான்?”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மனைவியின் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினாள்.

“கண்ணாடியில ஒரு கோளாறும் இல்லை சார். முகம்தான் இளைச்சுக்கிட்டே வந்திருக்கு. முதல் தடவை வழுக்கினப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாம்.”

இன்ஜினீயர் திரும்பிப் பார்த்தார். மனைவியின் கன்னங்கள் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன.

“இளைச்சுப் போறேன்னு நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேனே. ‘முதல்ல கண்ணாடியைக் கழட்டிக் குடு’ன்னீங்க.”