எரியாத விளக்கு

ஒரு பழைய ஜீப்பில், முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் சென்டர் லாக்கும், அது மாட்டிக்கொண்டதை ஓட்டுநருக்குக் காட்டும் சிறு விளக்கும் இருந்தன.

சென்ற மாதம் மெக்கானிக் லீவரை இழுத்துச் சோதித்தபோது, துருப்பிடித்த லாக் அசையவில்லை.

"தம்பி, தெரிந்தால் என்னைப் பிரித்துப் போட்டுவிடுவார். நீ எரிந்துவிடு" என்று அது விளக்கிடம் கெஞ்சியது. விளக்கும் இரக்கப்பட்டு எரிந்தது. மெக்கானிக் திருப்தியுடன் போனார்.

இன்று மலைச்சரிவின் சேற்றில் முன் சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. பின்னால் பெரும்பள்ளம். பின் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கட்டும் என்று ஓட்டுநர் மாசிலாமணி பிரேக்கை அழுத்தியபடி லாக்கின் லீவரை இழுத்தார்.

"அண்ணே, மாட்டிக்கொண்டீர்களா?" என்று விளக்கு லாக்கைக் கேட்டது.

"அசையவே முடியவில்லையடா. அன்றைக்குப் போல எரிந்துவிடேன்."

"பின்னால் பள்ளம், அண்ணே! இன்று பொய் சொன்னால் அவரும் போவார், நாமும் போவோம்."

விளக்கு இருண்டே இருந்தது. அதைக் கண்டதும் அவர் வண்டியைவிட்டு இறங்கிவிடுவார் என்று நம்பியது.

மாசிலாமணி அதன் கண்ணாடியை விரலால் இருமுறை தட்டினார்.

"மெக்கானிக் பார்த்தபோது பளிச்சென்று எரிந்ததே! லாக் மாட்டியிருக்கும், பல்புதான் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டே பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.