பல்லியும் ஜன்னலோரத்து அணிலும்

பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் வகுப்பு நடக்கும் அறையில், டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள், பேச்சில் எதை மறைக்கிறார்கள் என்று பேராசிரியை நடத்தியதையெல்லாம் அது ஒன்றுவிடாமல் கேட்டது. கேட்கக் கேட்க, யார் மேலும் அதற்கு நம்பிக்கையில்லாமல் போயிற்று.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு, ஈ பிடிக்கலாம் என்று பல்லி மேஜைக்கு இறங்கியது. அப்போது அதன் ஒரே சிநேகிதனான அணில் ஜன்னலுக்கு ஓடிவந்தது.

"பூனை வருது! மேலே ஏறு, சீக்கிரம் ஏறு!"

பல்லி அசையவில்லை. அணிலை உற்றுப் பார்த்தது. அணிலின் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. குரல் நடுங்கியது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது. பொய் சொல்பவர்களுக்கு உண்டென்று வகுப்பில் சொன்ன அடையாளம் அத்தனையும் இருந்தது.

"மாணவர்கள் இந்த மேஜையில் சிந்திவிட்டுப் போன வேர்க்கடலைக்குத்தானே இந்த நாடகம்?" என்றது பல்லி.

சொல்லி வாய் மூடவில்லை, பூனை மேஜைமேல் பாய்ந்து பல்லியின் வாலை அழுத்திப் பிடித்தது. அணில் வீலென்று கத்திக்கொண்டு உள்ளே குதித்து, பூனையின் மூக்குக்கு நேரே ஓடியது. பூனை அணிலின் பக்கம் திரும்பிய நொடியில், பல்லி வாலை விட்டுவிட்டுச் சுவரேறியது.

பூனை போனதும் அணில் ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்தது. காதோரம் ரத்தம் கசிந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மூச்சிரைக்கக் கேட்டது.

பல்லி லைட்டுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டியது.

"அது கிடக்கட்டும். என்னைக் காப்பாத்தினதுல உனக்கு என்ன லாபம்? முதல்ல அதைச் சொல்லு."