ஃப்ரீசரில் வைத்த மருந்து

அவள் இரண்டு குப்பிகளையும் கவிழ்த்துப் பார்த்தாள்.

உள்ளே எதுவும் அசையவில்லை.

"நேத்து பூரா கரண்ட் இருக்காதுன்னாங்கல்ல, அதான் முந்தின நாளே மேல ஏத்திட்டேன். ரெண்டு நாளானாலும் ஜில்லுன்னு நிக்கும்" என்றாள் ஸ்டெல்லா, மீன் பொட்டலத்தை நகர்த்தியபடி.

மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்துவார்கள். மீனை ஃப்ரீசருக்கு ஏற்றிவிடுவது எங்கள் பிளாக்கில் எல்லோரும் செய்வதுதான். ஸ்டெல்லா மீனோடு மருந்தையும் ஏற்றிவிட்டாள். இடம் பண்ண ஐஸ் தட்டை வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். அவள் கணக்கில் அது பெரிய தியாகம்.

உறைந்தால் அந்த மருந்து செத்தது. குப்பியில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் அம்மாவிடம் தமிழிலேயே சொன்னார்கள். அவள் ஸ்டெல்லாவிடம் 'ஃப்ரிட்ஜில் வைங்கக்கா' என்றதோடு நிறுத்திக்கொண்டாள். அடுத்தவர் ஃப்ரிட்ஜில் இடம் கேட்பவள் எத்தனை நிபந்தனை போடுவாள்?

மகளுக்கு ஏழு வயது. நோயின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாது. மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால் நிற்பதால் தொப்பைக்காரி என்போம். அதுவும் திரும்பிப் பார்க்கும்.

சொந்தத்தில் கட்டினால் வருவது என்று டாக்டர் சொன்னதும், உன் வம்சக் கோளாறு என்று சொல்லிவிட்டுப் புருஷன் திருப்பூர் போய்விட்டான். அத்தை மகன். அவன் அம்மாவும் அதே வம்சம்தான் என்பது எங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கிறது.

போகிற போக்கில் ஃப்ரிட்ஜையும் விற்றிருந்தான்.

மருந்தை ஒரு அறக்கட்டளை இலவசமாக அனுப்புகிறது. வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தால்தான். அவள் ஸ்டெல்லாவின் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினாள். அதன்மேல் இருந்த மாதா படத்தை ஐந்து நிமிடம் நாங்கள் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

மகளுக்கு ஏற்றி முடித்த காலிக் குப்பிகள் ஆஸ்பத்திரி முத்திரையோடு திரும்பிப் போக வேண்டும். அப்போதுதான் அடுத்தது வரும்.

கெட்டுப்போனது என்று சொன்னால், எப்படி என்று கேட்பார்கள். யார் வீட்டு ஃப்ரிட்ஜ் என்பதில் போய் நிற்கும்.

"ஏன்டி, கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு."

ஸ்டெல்லா கதவைச் சாத்தினாள். அடுத்த மருந்துக்கும் அந்தக் கதவுதான்.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து, இரண்டு குப்பிகளையும் உள்ளங்கைகளுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள். ஏறி இறங்கியவர்கள் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

மெல்ல உருகியது.

தண்ணீர் மாதிரி, தெளிவாக. எப்போதும் இருப்பதுபோலவே. எந்த நர்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது.

மகள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டு இடது கையை நீட்டினாள்.

"போன வாட்டி சோத்துக்கை. இன்னைக்கு இது."

அவள் மகளின் கையில் நரம்பு எங்கே என்று தடவிப் பார்த்தாள்.

விரல்கள் அத்தனை ஜில்லென்று இருந்திருக்க வேண்டும். பிள்ளை கையை இழுத்துக்கொண்டது.