இரண்டிலும் தோற்றவர்

எழுபத்து நாலாம் வருஷக் கோடையில், மரக்காணம் உப்பளத்தில் ஓர் ஆளைக் குறைக்கச் சொன்னார் முதலாளி.

“வேகமா வாரினா உப்போட சேறும் வருது. வெள்ளையா வாரினா அளவு குறையுது. அதனால ஒண்ணுல ஜெயிச்சாலும் வேலை உண்டு. ஒரே ஆளுகிட்ட ரெண்டுலயும் தோத்தவங்க மட்டும் நாளைக்கு வர வேணாம்” என்றார் மேஸ்திரி தேசப்பன்.

ஆறு பேரும் ஆளுக்கொரு குவியல் வாரினார்கள்.

சாமுண்டீஸ்வரி எல்லாவற்றையும் நோட்டம் விட்டாள். மாட்டப்போவது தங்கராசு மட்டும்தான். அவன் குவியலைவிடப் பெரிதாகவும் வெள்ளையாகவும் இருந்தது அவளுடையது ஒன்றுதான்.

மேஸ்திரி வருவதற்குள், வரப்புச் சேற்றைக் காலால் தள்ளித் தன் குவியலில் மிதித்துக் கலந்தாள்.

தேசப்பன் ஒவ்வொரு குவியலாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“தங்கராசு, உன்னுது சின்னதுதான். ஆனா பெருசா இருக்கிறது எதுவும் இவ்ளோ வெள்ளையா இல்ல. நீ இரு. சாமுண்டீஸ்வரி, சுப்ராயன் உன்னைவிட நெறையவும் வாரியிருக்கான், வெள்ளையாவும் வாரியிருக்கான். நீ கெளம்பும்மா.”



சாயங்காலம் வீட்டில், சாமுண்டீஸ்வரி ஊற்றிய கஞ்சியைக் குடித்துக்கொண்டே தங்கராசு சொன்னான்:

“உனக்குச் சேறு இல்லாம ஒரு குவியல் வாரத் தெரியல. இனிமே நான் ஒருத்தன் ஒழைச்சு பொண்டாட்டிக்கும் சோறு போடணும்.”