இருவருக்கும் ஒரே ஆட்டம்

சுவர்த்திரை பார்ப்பவருக்கு ஏற்றபடி படத்தை மாற்றி, யார் மனதும் நோகாமல் காட்டும். ஒரே கால்பந்து ஆட்டத்தில் செல்வநாதனுக்கு அவன் அணி ஜெயிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி பிலோமினாவுக்கு அவள் அணி. தோற்றவர்தான் மீன் ஆய வேண்டும் என்பது கல்யாணமான புதிதில் கட்டிய பந்தயம். இப்போது இருவருமே ஜெயித்துக்கொண்டிருந்ததால், வாங்கிய மீனெல்லாம் ஃப்ரீசரில் கல்லாகக் கிடந்தது.

பொறுமை இழந்த பிலோமினா, காயலான் கடையிலிருந்து ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஒரு பழைய ஸ்கேன் மானிட்டரைத் தூக்கிவந்தாள். மைதானத்துக் கிழட்டுக் கேமரா இன்னும் அந்தக் காலத்து 625 வரி டி.வி. படத்தைத்தான், யாருக்காகவும் மாற்றாமல், அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கேற்ப மானிட்டரின் வயிற்றைத் திறந்து எதையெதையோ மாற்றிப் பற்றவைத்தாள். படம் மேலே மேலே உருண்டது. குமிழைத் திருகினாள், நின்றது.

கறுப்பு வெள்ளையில், கடைசி நிமிடத்தில், செல்வநாதனின் கோல்கீப்பர் பந்தைக் கோட்டைவிட்டான்.

"பிலோ, உனக்கும் கோல்தான் தெரியுதா?"

"கோலேதான்! எந்திரி, போய் மீனை எடு!"

செல்வநாதன் மீன் சட்டியோடு வராந்தாவில் குதித்தான். "தோத்துட்டேன்! நெஜமாவே தோத்துட்டேன்!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாணிக்கவேலும் மனைவியும் ஒரு முழு வஞ்சிரத்தோடு வந்து நின்றார்கள்.

"தம்பி, அடுத்த ஆட்டத்துக்கு எங்களையும் சேத்துக்கோங்க. எங்க வீட்லயும் யாராவது தோக்கட்டும்."